வில்லன் டம்மி பீஸ் ஆகிவிட்டானா? கூட்டுக் கதை உலகத்துக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து ஒரே உலகத்தில் கதை எழுதினால் முதலில் பழுதாவது வில்லன்தான். நாயகர்களுக்குச் சொந்தக்காரர் உண்டு. தன் பாத்திரத்தை இன்னொருவர் அசிங்கப்படுத்தினால் உடனே சண்டைக்கு வருவார். வில்லனுக்குக் கேட்க நாதியில்லை. ஏரித் தண்ணீர் கதைதான்: ஆளாளுக்கு மடையைத் திறந்து தன் வயலுக்குப் பாய்ச்சிக்கொள்வார்கள், தூர்வார ஒருவரும் வரமாட்டார்கள்.

இதில் இன்னொரு தொல்லை, எந்தக் கதையையும் தனியாகப் படித்தால் பழுது தெரியாது. நன்றாகத்தான் இருக்கும். வரிசையாகப் பத்தைப் படித்தால்தான் வில்லன் நமத்துப்போன அப்பளமாக இருப்பது தெரியும். அதனால் ஏதாவது ஒரு கதையைத் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது. கணக்கை எடுத்து வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

விளக்கத்துக்காக ஓர் உதாரணத்தைக் கடைசிவரை பிடித்துக்கொள்வோம். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு துறைமுக ஊர். எட்டு எழுத்தாளர்கள். பொது வில்லன், துறையின் சுங்க அதிகாரி. ஊரார் பெயரைச் சொல்லாமல் ‘சுங்கத்தார்’ என்பார்கள். நாயகத் தரப்பில் ஒரு மருத்துவச்சி, ஒரு படகோட்டி, இன்னும் சிலர்.

முதல் வேலை: பேரேடு

வில்லன் தலைகாட்டிய கடைசி 10 கதைகளை எடுங்கள். ஷீட்டில் கதைக்கு ஒரு வரி. நெடுக்காகப் பத்திகள் (காலம்கள்) ஆறு போதும்:

- எழுதியவர்
- வில்லன் எதை விரும்பி வந்தான்
- அது கிடைத்ததா
- எதிர்த்தரப்பு எதை இழந்தது
- இழந்தது கதை முடிவதற்குள் திரும்பி வந்ததா
- புதிதாகக் காட்டிய சக்தி, புதிதாகச் சொன்ன பூர்வீகம்

ஒரு மாலை உட்கார்ந்தால் முடிந்துவிடும். அனைவரும் பார்ப்பது மூன்றாவது பத்தியை. நீங்கள் பார்க்க வேண்டியது ஐந்தாவதை. வில்லன் தோற்பது பெரிய விஷயமில்லை, தோற்காத வில்லன் எங்கே இருக்கிறான்? ஆனால் அவன் வந்துபோன பிறகு ஒவ்வொரு முறையும் ஊர் பழையபடியே இருந்தால், வாசகர் இரண்டாவது மூன்றாவது கதையிலேயே அதைக் கற்றுக்கொண்டுவிடுவார். அதன் பிறகு எவ்வளவு பில்டப் கொடுத்தாலும் ‘எப்படியும் சரியாகிவிடும்’ என்றுதான் பக்கத்தைப் புரட்டுவார்.

பேரேட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அவரை மடைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மூன்று வேலைதான்: பேரேட்டில் வரி சேர்ப்பது, வில்லன் வரும் கதைச்சுருக்கத்தைப் படித்து 2 நாளுக்குள் சரி அல்லது சரியில்லை என்று சொல்வது, யார் எப்போது வில்லனை எடுக்கிறார் என்று முறை வைப்பது. வில்லனைப் படைத்தவரை இந்த வேலையில் உட்கார வைக்காதீர்கள். பெற்ற பாசத்தில் அவன் தோற்கவே விடமாட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள்.

அறிகுறி: ‘வருகிறான், அடி வாங்குகிறான், போகிறான்’

பேரேட்டில் ஐந்தாவது பத்தி முழுக்க ‘ஆம்’ என்று இருக்கும்.

காரணம் எளிது. எழுத்தாளர் ஒவ்வொருவருக்கும் தன் நாயகன் ஒருமுறையாவது பெரிய ஆளை வீழ்த்த வேண்டும். எட்டுப் பேருக்கு அது ஆளுக்கு ஒரே ஒரு வெற்றி. வில்லனுக்கோ வரிசையாக எட்டுத் தோல்வி. யார் மேலும் குற்றமில்லை, கூட்டல்தான் கொன்றுவிட்டது.

‘இனி வில்லன் ஜெயிக்க வேண்டும்’ என்று சட்டம் போட்டால் வேலைக்கு ஆகாது. தன் நாயகன் தோற்கும் கதையை எழுத ஒருவரும் முன்வரமாட்டார். நாயகனின் வெற்றியைத் தொடாமல், வில்லன் வந்த காரியத்தை இரண்டாகப் பிரியுங்கள்: கண்ணுக்குத் தெரியும் காரியம், உள்காரியம். முதலாவதை நாயகன் தடுக்கட்டும். இரண்டாவது நடந்து முடியட்டும்.

செய்து பார்ப்போம். சுங்கத்தார் மருத்துவச்சியின் மருந்துப் பெட்டியைப் பறிமுதல் செய்கிறார். இரவு படகோட்டி கிடங்குக்குள் புகுந்து பெட்டியை மீட்டு வருகிறான். மருத்துவச்சி சிரிக்கிறாள், சுங்கத்தார் மாடத்தில் நின்று பல்லைக் கடிக்கிறார். பேரேட்டுக் கணக்கில் வில்லனுக்குச் சுழியம்.

இப்போது பல்லைக் கடிப்பதை வெட்டிவிட்டு, கடைசியில் இப்படி மாற்றுங்கள்: மறுநாள் காலை மருத்துவச்சி பெட்டியைத் திறந்து எண்ணுகிறாள். புட்டி ஒன்றுகூடக் குறையவில்லை. அடித்தட்டில் வைத்திருந்த நோயாளிகளின் பெயரேடும் அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த நூலை அவிழ்க்கப் போனவள் கையை எடுத்துக்கொள்கிறாள். அவள் எப்போதும் உருவுசுருக்குத்தான் போடுவாள். இது இரட்டை முடிச்சு.

படகோட்டியின் சாகசத்தில் ஒரு வரியும் மாறவில்லை. ஆனால் ஊரில் யாருக்கு என்ன நோய் என்பது இப்போது சுங்கத்தாருக்குத் தெரியும். பெட்டி திரும்பியது, ரகசியம் திரும்பாது. அடுத்த கதையை எழுதுபவருக்குக் கைமுதலும் கிடைத்துவிட்டது: வலிப்பு நோயை மறைத்துக் கப்பல் ஓட்டும் மாலுமி, குழந்தை தங்காததை மறைக்கும் வணிகர் வீடு, யாரை வேண்டுமானாலும் சுங்கத்தார் நெருக்கலாம்.

எத்தனை முறை என்று கேட்டால் கைக்கணக்கு ஒன்று இருக்கிறது: கடைசி 6 வருகைகளில் 4-லாவது திரும்பி வராத ஏதோ ஒன்று அவன் கைக்குப் போயிருக்க வேண்டும். ஒவ்வொன்றும் பெரிதாக இருக்கத் தேவையில்லை. ஒரு சாவி, ஒரு கையெழுத்து, நண்பர்கள் இருவருக்குள் ஒரு சந்தேகம், அவ்வளவு போதும். 6-க்கு 6 என்று போனால் வேறு நோய் வரும். நாயகர்கள் எதற்கு இருக்கிறார்கள் என்று வாசகர் கேட்பார்.

அறிகுறி: வில்லனால் யாரையும் தொட முடியவில்லை

‘என் பாத்திரத்துக்கு ஒன்றும் ஆகக்கூடாது.’ எட்டுப் பேரும் இதையே சொன்னால் மிஞ்சுவது பெயரில்லாத காவலாளிகளும் வழிப்போக்கர்களும்தான். அவர்களை நூறு பேராகக் கொன்று குவித்தாலும் வாசகருக்கு உறைக்காது. யாரென்றே தெரியாத நூறு பேர் செத்தால் அது எண்ணிக்கை. மூன்று கதைகளாகக் கடன் சொல்லி மீன் வாங்கிய கிழவி ஒருநாள் கடைக்கு வரவில்லை என்றால், அதுதான் உறைக்கும்.

ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் சீட்டு வாங்குங்கள். தன் பாத்திரங்களுக்கெல்லாம் அவரே நிறம் கொடுக்க வேண்டும். சிவப்பு என்றால் தொடக்கூடாது. மஞ்சள் என்றால் கேட்டுவிட்டுத் தொடலாம். பச்சை என்றால் மற்றவர்கள் எதையும் செய்யலாம். ஒருவருக்கு ஒரு சிவப்புதான், குறைந்தது இரண்டு பச்சை கட்டாயம். இந்த ஒதுக்கீட்டில் முனகல் வரும். முனகாமல் பச்சை கொடுத்தவரின் பாத்திரத்தைத் திரும்பிப் பாருங்கள். பெரும்பாலும் பெயரும் மீசையும் மட்டும் இருக்கும். அது பலிக்கென்றே வாங்கிவிட்ட ஆடு, வாசகர் மோப்பம் பிடித்துவிடுவார். பச்சைப் பாத்திரம் அடிபடுவதற்கு முன் குறைந்தது 3 கதைகளில், வில்லனுக்குச் சம்பந்தமில்லாத வேலையாக வந்துபோயிருக்க வேண்டும்.

இழப்பு என்றால் சாவு என்றே பலரும் நினைக்கிறார்கள். கூட்டு உலகத்தில் சாவு பல நேரம் சோம்பேறித்தனம். செத்தவரை வைத்து அடுத்தவர் கதை எழுத முடியாது. வலது கை விரல் போன நெசவாளியை வைத்து எழுதலாம். உரிமம் பறிபோன படகு, அடமானத்தில் மூழ்கிய வீடு, ஊர்ப்பொதுவில் கெட்ட பெயர் எல்லாமே உலகத்தில் தங்கும். சிவப்புப் பாத்திரத்தையும் இந்த வழியில் சுற்றி வளைக்கலாம்: ஆளைத் தொடாமல் அவர் நிற்கும் தரையைத் தொடுங்கள்.

இங்கேயே ஒரு குறுக்குவழியையும் சொல்லிவிட வேண்டும், தவிர்ப்பதற்காக. வில்லன் எவ்வளவு பெரியவன் என்று காட்ட, நாயகத் தரப்பிலேயே பலசாலியான ஆளை முதல் காட்சியில் ஓர் அறையில் சுருட்டிவிடுவது. ஒருமுறை செய்தால் பலன் உண்டு. புதுப்புது வில்லனுக்கும் அதே பலசாலியைச் சுருட்டினால் வில்லன் உயரமாட்டான், பலசாலிதான் காமெடி பீஸ் ஆவான். அவரைப் படைத்தவர் குழுவை விட்டே போய்விடுவார்.

அறிகுறி: ஒரு கதையில் மலையைப் பிளக்கிறான், அடுத்ததில் உலக்கைக்கு விழுகிறான்

வில்லனுக்கு அட்டை இல்லை என்று அர்த்தம். அவனால் எது முடியும், எது முடியாது, எதைச் செய்யமாட்டான் என்று எழுதிய குறிப்புதான் அட்டை. ஒரே பக்கம். அதற்கு மேல் போனால் ஒருவரும் படிக்கமாட்டார்கள். சுங்கத்தாரின் அட்டை இப்படி இருக்கலாம்:

முடியும்: துறைக்குள் வந்த எந்தப் படகையும் 3 நாள் நிறுத்தி வைக்கலாம். ஊரில் யாருடைய வரவுசெலவையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். கைவசம் 40 காவலர், 3 ரோந்துப் படகு.

முடியாது: கோட்டைச் சுவருக்கு மேற்கே அதிகாரம் கிடையாது. கத்தி பிடிக்கத் தெரியாது. வெள்ளக் காலத்தில் துறை மூடியிருக்கும்; அந்த இரண்டு மாதம் காவலருக்குக் கூலி கொடுக்கவே திணறுவார்.

செய்யமாட்டார்: வாய்மொழியாக ஆணையிடமாட்டார். எதுவானாலும் எழுத்தில், முத்திரையோடு.

இதில் பலரும் விட்டுவிடுவது மூன்றாவது வரியை. வில்லனுக்குக் குணம் கொடுப்பது அந்த வரிதான். யார் எழுதினாலும் அதே ஆள் என்று வாசகர் அடையாளம் காண்பதும் அதை வைத்துத்தான். எண்களையும் அலட்சியம் செய்யாதீர்கள். ஒரு கதையில் 6 காவலர் போனால் அடுத்தவருக்கு 34 பேர்தான். குறைந்ததை நிரப்ப இரண்டு கதைகளாவது ஆகட்டும். ஆள்பலம் குறைந்த வில்லன் இன்னும் தந்திரமாக நடந்தாக வேண்டும். எழுதுபவருக்கும் அது நல்ல நெருக்கடி.

புதுச் சக்திக்கு ஒரு விதி: அறிமுகமான கதையிலேயே அது முறியடிக்கப்படக்கூடாது. ஒருவர் அறிமுகப்படுத்தட்டும், இன்னொருவர் முறியடிக்கட்டும், நடுவில் குறைந்தது ஒரு கதை போகட்டும். ‘இதோ விஷக்காற்று, இதோ மாற்று மருந்து’ என்று ஒரே ஆள் இரண்டையும் கொண்டுவந்தால் அது வில்லனின் சக்தி இல்லை, நாயகனுக்குப் போட்ட மாலை.

எல்லையே இல்லாத வில்லன் இன்னும் பயங்கரமானவன் என்றொரு நம்பிக்கை இருக்கிறது. எஸ்சிபி ஃபவுண்டேஷன் என்ற இணையக் கூட்டுப் புனைவின் 682-ஆம் எண்ணைப் பாருங்கள். 2007-ல் ஓர் ஒற்றைப் பதிவில் தொடங்கி 2008-லிருந்து விக்கியாக வளர்ந்த அந்தக் கூட்டுப் புனைவில் 682 என்பது அழிக்கவே முடியாத ஓர் ஊர்வன. அதைக் கொல்ல நடந்த முயற்சிகளுக்கென்றே ஒரு தனிப்பக்கம் உண்டு, பலரும் சேர்த்து எழுதியது. எதைப் போட்டாலும் அதற்கேற்ப உடம்பை மாற்றிக்கொண்டு பிழைக்கும் என்பது சில பதிவுகளிலேயே பிடிபட்டுவிடும். அப்புறம் வாசகர் தேடுவது ‘இந்த முறை என்ன வேடிக்கை’ என்பதைத்தான். பதிவேடாகப் படிக்க அது அருமை. தொடர்கதை வில்லனுக்கு அந்தச் சூத்திரத்தை எடுத்தால் பயம் வேடிக்கையாகத் திரிந்துவிடும்.

இரணியன் நேரெதிர். மனிதனாலும் மிருகத்தாலும் சாவில்லை, பகலிலும் இரவிலும் இல்லை, உள்ளேயும் வெளியேயும் இல்லை, மண்ணிலும் விண்ணிலும் இல்லை, ஆயுதத்தாலும் இல்லை. வரத்தின் ஒவ்வொரு வரியும் ஊருக்கே தெரியும். இரணியன் கூத்து பார்க்க உட்காரும் எல்லாருக்கும் முடிவும் தெரியும். இருந்தும் விடிய விடிய உட்காருகிறார்கள். அந்தி, வாசற்படி, மடி, நகம் என்று ஒவ்வொரு பூட்டுக்கும் அளவெடுத்த சாவி வருவதைப் பார்க்கத்தான். பூட்டை வெளிப்படையாக மாட்டிவைத்தால் எட்டுப் பேரும் சேர்ந்து சாவியைத் தேடலாம். பூட்டே இல்லாவிட்டால் ஆளுக்கொரு கடப்பாரையோடு வருவார்கள்.

அறிகுறி: செத்துச் செத்துப் பிழைக்கிறான்

மூன்றாவது முறை ‘உடல் கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் இது உங்களுக்குத்தான்.

பொது வில்லனைக் கொல்லும் உரிமை எந்தத் தனி எழுத்தாளருக்கும் இருக்கக்கூடாது. 1940-ல் பேட்மேன் காமிக்ஸின் முதல் இதழிலேயே ஜோக்கர் செத்திருக்க வேண்டியவன். ஆசிரியர் தலையிட்டு, ஆள் பிழைத்துக்கொண்டதாக ஒரு கட்டத்தைக் கடைசியில் சேர்க்கச் சொன்னார். அங்கே ஓர் ஆசிரியர் இருந்தார். உங்கள் குழுவில் அந்த இடம் மடைக்காரருடையது. கதைச்சுருக்கத்தில் ‘வில்லன் ஆற்றில் விழுகிறான்’ என்று பார்த்தாலே அவர் நிறுத்த வேண்டும். விழவைக்க வேண்டாம்; தப்பும் வழியைக் கதைக்குள்ளேயே, அவன் தப்புவதற்கு முன்பே வாசகர் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். சுங்கத்தார் வந்த ரோந்துப் படகின் பின்னால் சின்னத் தோணி ஒன்று கட்டியிருப்பது மூன்றாம் பத்தியிலேயே வந்திருந்தால் போதும், கடைசியில் அவர் தப்பும்போது யாரும் ஏமாற்று என்று சொல்லமாட்டார்கள்.

இன்னொரு பழைய மருந்து, ‘அது அவனே இல்லை, நகல்’. இதன் அருமையையும் ஆபத்தையும் மார்வெல் காமிக்ஸின் பெரிய வில்லன் டாக்டர் டூமிடம் பார்க்கலாம். 1981-ல் எக்ஸ்-மென் காமிக்ஸில் ஆர்கேட் என்ற சில்லறை வில்லன் டூமின் கவசத்தில் தீக்குச்சியை உரசிப் பற்றவைப்பான். டூம் சும்மா இருப்பார். அகம்பாவமே உருவான ஓர் ஆளுக்கு அந்தத் தீக்குச்சி ஒரு தோல்வியைவிடப் பெரிய சேதம். 1983-ல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் காமிக்ஸை நடத்தியவர், அங்கே இருந்தது டூம் இல்லை, அவர் செய்த இயந்திர நகல் என்று மாற்றினார். அந்த அவமானத்தைப் பொறுத்துக்கொண்டதற்காக டூமே நகலை அழிக்கிறார். சேதத்தைச் சரிசெய்தது மட்டுமில்லை, டூமின் குணத்தையும் கூர்மையாக்கிவிட்டார். ஆனால் வழக்கமாகிவிட்டால் இது விஷம். வில்லன் தோற்றது எல்லாம் நகல் என்றால் ஜெயித்ததும் நகலாக இருக்கலாமே? ஒரு வில்லனுக்கு ஆயுளில் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரேட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

அந்தத் தீக்குச்சியிலிருந்து மடைக்காரருக்கு ஒரு பாடம் உண்டு. பெரிய தோல்விகளை எல்லாரும் கவனிப்பார்கள். வில்லனை டம்மியாக்குவது நகைச்சுவைக்காக ஒருவர் போகிற போக்கில் போட்ட ஒற்றை வரி. ‘சுங்கத்தார் தும்மினார், மூக்குப்பொடி டப்பா ஆற்றில் விழுந்தது, எல்லாரும் சிரித்தார்கள்.’ இதை வெட்ட வேண்டாம். சிரித்தவர்களில் ஒருவருடைய படகு மறுநாள் 3 நாளைக்கு நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சிரிப்பும் இருக்கும், அச்சமும் இருக்கும்.

அறிகுறி: எல்லாம் தெரிந்துவிட்டது, பயம் போய்விட்டது

வில்லனுக்கு மூன்று ஃப்ளாஷ்பேக். ஒன்றில் அநாதை, ஒன்றில் ஜமீன் வாரிசு, ஒன்றில் காதல் தோல்வி. மூன்றும் முரண்படுவது சின்னப் பிரச்சினை. மூன்றும் அவனை நமக்குப் பக்கத்து வீட்டுக்காரன் ஆக்கிவிட்டது பெரிய பிரச்சினை.

ஸ்டார் டிரெக் என்ற விண்வெளித் தொடரில் வரும் ‘போர்க்’ (Borg) என்ற எதிரிக் கூட்டம் நல்ல பாடம். 1989-ல் முதலில் வந்தபோது முகமில்லை, தலைவனில்லை, பேரம் பேச ஆளில்லை. 1990-ல் நாயகத் தரப்பின் 40 கப்பல்கள் அவர்களை எதிர்த்து நின்றன, 39 அழிந்தன. அதன் பின்பு வேறு வேறு கைகளில் போய், 1996 திரைப்படத்தில் ராணி ஒருத்தி கிடைத்தாள். 1995 முதல் 2001 வரை ஓடிய வாயேஜர் தொடரில் ஒற்றைக் கப்பல் அவர்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்துத் தப்பியது. ராணி நல்ல பாத்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் முகம் கிடைத்ததும் பேச்சுவார்த்தை நடக்கும், ஆசை காட்டலாம், ஏமாற்றலாம். முன்பு பயமுறுத்தியதே அது எதுவும் நடக்காது என்பதுதான்.

உங்கள் உலகத்தில் செய்ய வேண்டியது: பூர்வீகத்தைப் பொறுத்தவரை குழு ஒப்புக்கொண்ட உண்மை ஒன்றே ஒன்று இருக்கட்டும். மீதியெல்லாம் ஊர்ப்பேச்சு. ஏற்கெனவே எழுதிவிட்ட ஃப்ளாஷ்பேக்குகளை அழிக்கத் தேவையில்லை. அவற்றை யார் சொன்னது என்று ஒரு பாத்திரத்தின் வாயில் போட்டுவிடுங்கள். ‘அநாதை என்று மீன்காரி சொன்னாள்’, ‘ஜமீன் என்று பூசாரி சொன்னார்’. ஒரே கல்லில் முரண்பாடும் போகும், மர்மமும் திரும்பும். அவனுடைய தலைக்குள் புகுந்து எழுதுவதற்கும் தடை வையுங்கள். வில்லனின் பார்வையில் கதை வேண்டுமென்றால் பத்தில் ஒன்று, அதையும் மடைக்காரர் பார்த்த பிறகு.

அடிக்கடி தலைகாட்டுவதும் இதே வியாதியின் தங்கச்சி. சுங்கத்தார் நேரில் வருவது நான்கு கதைக்கு ஒருமுறை போதும். மற்றவற்றில் முத்திரை வரட்டும், ஆணை வரட்டும், அவர் பெயரைக் கேட்டதும் கடைக்காரர் பேச்சை மாற்றட்டும்.

சில்லறைப் பழுதுகள்

வில்லன் திருந்திவிட்டான். அழகான வில்லனுக்கு இது கட்டாயம் நடக்கும். யாராவது ஒருவருக்கு அவன்மேல் இரக்கம் பிறக்கும். 1979-ல் வெளிவந்த தீவ்ஸ் வேர்ல்ட் என்ற கூட்டுக் கதைத் தொகுப்பிலேயே இதற்கு விதி இருந்தது: அடுத்தவர் பாத்திரத்தைப் பயன்படுத்தலாம், கொல்லவும் கூடாது, திருத்தவும் கூடாது. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

வசனம் மட்டும் பேசுகிறான். கதையிலுள்ள மிரட்டல் வசனங்களை எண்ணுங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுங்கள். வைத்துக்கொண்ட ஒன்றை அவன் நிறைவேற்றியே ஆக வேண்டும், அடுத்தவர் கதையிலானாலும் சரி.

ஒரே இரவில் இரண்டு ஊரில் இருக்கிறான். நாள்காட்டி வைக்காத குற்றம். பயண நேரத்தை அட்டையில் சேருங்கள்.

ஊரில் பால் திரிந்தாலும் அவன் வேலைதான். தனித்தனி எல்லையோடு இன்னும் இரண்டு சின்ன வில்லன்களை உருவாக்கி, பழைய பழிகளில் பாதியை அவர்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

ஏற்கெனவே கெட்டுப்போனவனை மீட்பது

எல்லாப் பழுதும் சேர்ந்து வந்துவிட்ட வில்லனை மீட்க முதலில் அடுத்த 4 கதைகளுக்கு அவனை வெளியே அனுப்புங்கள். தோற்கடித்து அனுப்பக்கூடாது. எங்கே போனான் என்பதே யாருக்கும் தெரியாமல் போகட்டும். அந்த நான்கு கதைகளிலும் அவன் இல்லாததை யாராவது ஒருவர் கவனிக்க வேண்டும், நான்காவதில் அது நிம்மதியாக இல்லாமல் உறுத்தலாக மாறட்டும்.

இதற்கிடையில் பேரேட்டுக்குப் போய், பழைய கதைகளில் அவன் கைக்குப் போய் ஒருவரும் மறுபடி பேசாத ஒரு பொருளைத் தேடுங்கள். எவ்வளவு மோசமான பேரேட்டிலும் ஒன்று கிடைக்கும். ஐந்தாவது கதையில் அவன் திரும்புவது அந்தப் பொருளோடுதான். வெற்றி சிறியதாக, துல்லியமாக, மாற்ற முடியாததாக இருக்கட்டும்: கோட்டையை எரிப்பதைவிட, துறை திறக்கும் முதல் நாள் படகோட்டியின் உரிமம் அந்தப் படகோட்டியின் தம்பி பெயருக்கு, தம்பியின் கையெழுத்தோடு, மாறியிருப்பது மேல்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு, எல்லாரும் செய்வதும் அதுதான்: ‘இதுவரை தோற்றதெல்லாம் திட்டம்’ என்று அவனையே சொல்லவைப்பது. முந்தைய கதைகளை எழுதிய ஏழு பேரின் நாயகர்களும் அந்த ஒரே வசனத்தில் முட்டாள்களாகிவிடுவார்கள். வாசகரும் நம்பமாட்டார். தோற்றது தோற்றதாகவே இருக்கட்டும். அந்தத் தோல்விகளில் அவன் என்ன கற்றுக்கொண்டான் என்பது நடத்தையில் தெரியட்டும். முன்பு கிடங்குக்கு இரண்டு காவலர், இப்போது நாய்.

கடைசித் தோல்வியை எப்போது எழுதுவது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே குழு முடிவு செய்துவிடலாம்: எந்தக் கதை, யார் எழுதுவது, அட்டையின் எந்த வரியிலிருந்து. சுங்கத்தாரைப் பொறுத்தவரை சாவி மூன்றாவது வரியில் இருக்கிறது. எழுத்தில்லாமல் ஆணையிடாதவர். அப்படியானால் இத்தனை வருட ஆணைகளும் எங்கோ ஒரு பெட்டியில் இருக்க வேண்டும். அந்தப் பெட்டியை மூன்று வெவ்வேறு எழுத்தாளர்கள், மூன்று வெவ்வேறு கதைகளில், ஆளுக்கு ஒரு வரியில் காட்டிவிட வேண்டும். ஒருவர் கதையில் அதன்மேல் பூனை தூங்குகிறது, இன்னொருவர் கதையில் பூட்டுக்கு எண்ணெய் போடுகிறார்கள். பெட்டியைக் காட்டும் அந்த மூன்றாவது வரி எழுதப்படும்வரை கடைசிக் கதையைத் தொடங்க வேண்டாம்.